கண்ணாயி கிணறு

செம்மநத்தத்தில் யாரைக் கேட்டாலும் கண்ணாயி கிணற்றுக்கு வழி சொல்வார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏறி, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் காட்டுக்குள் போனால் வந்துவிடும். போய்ப் பார்த்தால் அங்கே கிணறு இருக்காது. கரை கட்டிய ஒரு குட்டைதான் இருக்கும். இதைப் போய் ஏன் கிணறு என்கிறீர்கள் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். காரணம் சொல்ல வேண்டியவள் கண்ணாயி. அவளோ, “கெணறுன்னே இருக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

எண்பத்துமூன்றாம் வருடத்தில் நடந்த சங்கதி இது. கீழே சேலத்தில் குடத்துக்குக் குடம் சண்டை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மலையில் சண்டை போடக்கூடத் தண்ணீர் இல்லை. மாசி மாதத்துக் காலைப் பனி மட்டும் தவறாமல் வந்து, புல்லை நனைத்துவிட்டு, எட்டு மணிக்குப் போய்விடும்.

கண்ணாயிக்கும் அவள் புருசன் சின்னையனுக்கும் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. சாமையும் அவரையும் விதைத்தால் ஆறு மாதச் சோற்றுக்குக் காணும். மீதி ஆறு மாதத்துக்காகச் சின்னையன் தை பிறந்ததும், கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் லாரி ஏறிக் குடகுக்குப் போவான். அங்கே காப்பிப் பழம் பறித்து, மிளகு பறித்து, வைகாசிக் கடைசியில் திரும்புவான். கல்யாணமான ஏழு வருடத்தில் பாதியை அவன் அடுத்தவர் எஸ்டேட்டிலேயே கழித்திருந்தான். போன வருடம் அவன் திரும்பி வந்தபோது, மூன்று வயது மகள் லட்சுமி அவனைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “ஆரோ வந்திருக்கறாங்கம்மா” என்றாள். சின்னையன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சொந்தக் காட்டில் காப்பி வைக்க வேண்டும் என்கிற பேச்சு அந்த வீட்டில் அன்றுதான் தொடங்கியது. காப்பி நின்றுவிட்டால் குடகு வேண்டாம். பிள்ளை அப்பனை அடையாளம் கண்டுகொள்ளும்.

நாற்றுக்கு வழி செய்தவள் தெரசம்மாள். வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டில் நர்சரி வேலை. பழம் பறிக்கும் காலத்தில் கண்ணாயியோடு ஒரே வரிசையில் நின்று பழகியவள். நட்டதுபோக மிஞ்சிய நாற்றைக் குழியில் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கெழுதும் ரைட்டரிடம் போய் நின்று, தன் தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாள். கண்ணாயி எப்போது அவளுக்குத் தங்கச்சி ஆனாள் என்று ரைட்டர் கேட்கவில்லை. அவரும் நல்ல மனிதர்தான். தெரசம்மாளும் அவள் புருசன் மரியஅந்தோணியும் நாலு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, முந்நூற்றிருபது நாற்றையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆடி மழையில் நட்டார்கள். ஐப்பசி வரைக்கும் செடிகள் பளபளவென்று நின்றன. அதற்குப் பிறகு மழை முகத்தையே காட்டவில்லை.

காப்பிச் செடிக்கு முதல் கோடைதான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் வேர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அதற்காகவே சின்னையன் அந்தத் தை மாதம் லாரி ஏறாமல் நின்றுவிட்டான். செடியைச் சுற்றிச் சருகு போட்டு மூடினார்கள். வெயில் படாமல் தழை வெட்டி நட்டார்கள். கீழே பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் சுமந்து, செடிக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குடம் முப்பது செடிக்கு வரும். இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம். மாசி பாதியில் ஊற்று சுருங்கி, ஒரு குடம் நிறையவே அரை மணி ஆயிற்று. மற்றவர்களும் குடத்தோடு காத்து நிற்கும்போது காப்பிக்கென்று பதினோரு குடம் எடுக்கக் கண்ணாயிக்கே கூச்சமாக இருந்தது. இலைகள் நடுப்பகலில் தொங்கத் தொடங்கின. கிணறு தோண்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எங்கே தோண்டுவது என்பதில்தான் வினை வந்தது. சின்னையன் பலாமரத்தடியைச் சொன்னான். கண்ணாயி அதற்கு முந்தின நாள் காட்டின் மேல்தலையில் இருந்த தாழ்வான பகுதியில் வள்ளிக்கிழங்கு தேடித் தோண்டிக்கொண்டிருந்தாள். முழங்கையாழத்தில் கடப்பாரைக்குப் பக்கத்தில் ஒரு மண்ணுருண்டை அசைந்தது. எடுத்துப் பார்த்தால் தவளை. குண்டாக, கழுத்தே இல்லாமல், மண்நிறத்தில் புள்ளி புள்ளியாக. கோபத்தில் இன்னும் கொஞ்சம் உப்பிக்கொண்டு, அவள் உள்ளங்கையில் ஒரு மடக்குத் தண்ணீரை விட்டது. மலையே காய்ந்து கிடக்கும்போது கை நனைந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

கண்ணாயியின் அப்பன் அம்மாசி மாரமங்கலத்தில் தண்ணீர் பார்ப்பவர். மண்ணுக்கடியில் உயிரோடு தவளை கண்டால் அதற்குக் கீழே ஊற்று உண்டென்பது அவர் கணக்கு. பாறை இடுக்கில் ஒரு பச்சைத் தவளையைக் கண்டு அவர் குறித்துக் கொடுத்த கிணற்றில்தான் அவள் பிறந்த ஊர் இன்றைக்கும் தண்ணீர் சேந்துகிறது.

“பலா வேரு தண்ணி இல்லாத பக்கம் போவாது கண்ணாயி” என்றான் சின்னையன்.

“பலாமரம் மழைத்தண்ணியக் குடிச்சுட்டே நிக்குமுங்க. தவளைக்கு அப்படி முடியுங்களா? எங்கப்பன் கண்ணுல பட்டிருந்தா இந்நேரம் கல்லு நட்டிருப்பாரு. நீங்க ஆனமட்டும் தோண்டுங்க. தண்ணி வல்லீன்னா என்னையக் கேளுங்க.”

சின்னையன் கடப்பாரையைத் தோளில் எடுத்துக்கொண்டான். “உங்கப்பன் காட்டுன தண்ணிய ஒரு ஊரே குடிக்குது. செரி, உன்ற எடத்துலயே வெச்சுக்கலாம்” என்றான். தவளையைக் கண்ணாயி பக்கத்தில் ஒரு புதர் நிழலில் கொண்டுபோய் விட்டாள். அது பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி, முகம் நம்மைப் பார்த்தபடியே, பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கி மறைந்தது. பெரிய மனிதர் வீட்டில் முதுகு காட்டாமல் வெளியேறுவார்களே, அந்த மரியாதையோடு போயிற்று.

இருபத்திரண்டு நாள் தோண்டினார்கள். பத்தடிக்குப் பத்தடி சதுரம். சின்னையன் உள்ளே, கண்ணாயி மேலே கயிற்றில் கூடை இழுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மரியஅந்தோணியும் தெரசம்மாளும் வருவார்கள். கூலியென்று அவர்கள் வாயே திறக்கவில்லை. மதியத்துக்கு ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். களியை விழுங்கியபடி மரியஅந்தோணி கிணற்றில் முதல் வாளி தனக்குத்தான் என்று சொல்லி வைத்தான். இரண்டடியில் சாம்பல்நிறக் களிமண் வந்தது. கையில் பிடித்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. எல்லாருக்கும் சந்தோசம். ஏழடி வரைக்கும் களிமண். பிறகு சரளைக்கல். பத்தடியிலும் சரளை, பன்னிரண்டிலும் சரளை, ஊதினால் புழுதி பறந்தது. சின்னையன் ஒன்றும் சொல்லாமல் தோண்டினான். பதினாறாவது அடியில் கடப்பாரை கணீரென்றது.

மரியஅந்தோணி கல்லுடைக்கிற வேலைக்காரன். இறங்கி நாலு மூலையிலும் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு ஏறி வந்தான். வந்தவன் முதலில் பீடி பற்ற வைத்துக்கொண்டான்.

“ஒரே பாறைதானுங்கண்ணா. வெடி வெச்சாலும் உள்ள பாறைதான் இருக்கும். தங்கச்சி, மனச உட்ராத” என்றான்.

ஊருக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஊற்றங்கரையில் குடத்தோடு நின்ற வெள்ளையம்மாள், “தவளை தன் வாயால கெடும்பாங்க. இங்க தவளை கம்முனுதான் இருந்துச்சு, கண்ணாயிதான் வாயக் குடுத்தா” என்றாள். வெள்ளையம்மாள் பொல்லாதவள் இல்லை. பேச்சு நன்றாக அமைந்துவிட்டால் அதை விழுங்க அவளால் முடியாது, அவ்வளவுதான். கண்ணாயி கிணறு என்கிற பெயர் அன்றுதான் பிறந்தது.

கண்ணாயியைக் கொன்றது அந்தக் கேலி இல்லை, சின்னையனின் மௌனம். ‘தண்ணி வல்லீன்னா என்னையக் கேளுங்க’ என்று சொன்னவளை அவன் கேட்கவேயில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவனோ தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு, மறுநாளே குழியை மூடப் போய்விட்டான். திறந்து கிடந்தால் லட்சுமி விழுந்துவிடுவாள், ஆடு விழுந்துவிடும். மேலே கிடந்த சரளையை முதலில் தள்ளினான். அதற்குமேல் களிமண்ணைப் போட்டு, யாராவது கால் வைத்தால் புதையக் கூடாதென்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினான். தோண்டிய மண்ணில் ஒரு பங்கைக் கண்ணாயி செடிகளுக்குப் பாத்தி கட்ட எடுத்திருந்ததால் மண் போதவில்லை. மார்பளவுக் குழி மிஞ்சியது. அத்தோடு விட்டுவிட்டு வந்து, பரணிலிருந்து குடகுக்குக் கொண்டுபோகும் தகரப்பெட்டியை இறக்கினான். மிளகுப் பறிப்புக்கு வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு லாரி வருவதாக மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேற்கே இருட்டியது. காற்று முதலில் வந்து வீட்டுக் கூரையைப் பிடித்து ஆட்டியது. பிறகு கல்மழை, பிறகு மழை. ஒன்றரை மணி நேரம் எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல் பெய்து, சொல்லி வைத்தாற்போல் நின்றது. லட்சுமி வாசலில் ஆலங்கட்டி பொறுக்கினாள். மண் வாசனையில் கண்ணாயிக்குக் கண் கலங்கியது. அப்போது மேல்தலையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

ஒன்று கத்தியது. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. பொழுது சாய்வதற்குள் காடே கத்தியது. கண்ணாயி ஓடிப்போய்ப் பார்த்தாள். குழியைச் சுற்றி ஈரமண் அங்கங்கே விம்மி வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் ஒரு குண்டுத் தவளை தலையை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். மேட்டுத் தண்ணீரெல்லாம் ஓடிவந்து அந்தத் தாழ்வான இடத்தில் இறங்கி, குழி முக்காலும் நிறைந்து நின்றது. ஆண் தவளைகள் தொண்டையை உப்பிக்கொண்டு தண்ணீரோரத்தில் கச்சேரி நடத்தின. கண்ணாயிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. “இத்தன பேரும் இங்கதான் இருந்தீங்களா?” என்று அவற்றைப் பார்த்துக் கேட்டாள். ஒன்றைப் பிடித்துத் தூக்கினாள். அது உப்பிக்கொண்டு, அதேபோல ஒரு மடக்குத் தண்ணீரை அவள் கையில் விட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்று கையை நனைத்தது பூமியின் தண்ணீர் இல்லை. அது தவளை தன் வயிற்றில் கட்டி வைத்திருந்த தண்ணீர். போன மழையில் குடித்ததை வைத்துக்கொண்டு, அடுத்த மழை வரைக்கும் உள்ளே படுத்திருந்திருக்கிறது. அப்பன் கண்ட பாறைத்தவளை வேறு, இது வேறு. கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிற சாமி இதற்கு ஒரே தடவையாக அளந்து கொடுத்து அனுப்பியிருக்கிறது.

விடிந்ததும் சின்னையன் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றான். கண்ணாயி அவன் கையைப் பிடித்து மேல்தலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. ஓரத்தில் கறுப்புக் கசகசா தூவினாற்போல முட்டைகள் மிதந்தன.

“மழை பேஞ்சா எங்கயும்தான் நிக்கும். நாலு நாள்ல வத்தீரும்” என்றான் சின்னையன். பாறை வந்த பிறகு அவன் அவளோடு பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான்.

“வத்தாதுங்க. முட்டை உட்டிருக்குது பாருங்க. நாலு நாள்ல இடியற ஊட்டுல ஆராச்சும் தொட்டில் கட்டுவாங்களா? இதுங்க குஞ்சு பொரிச்சு, காலு மொளச்சு, கரையேற வேணுமில்லீங்க. அதுவரைக்கும் இங்க தண்ணி நிக்கும்னு தெரிஞ்சுதான் தலமொற தலமொறயா இந்த எடத்துல படுத்திருக்குதுங்க. அதுங்க அடியில இருக்கற தண்ணிக்குக் காத்துட்டு இல்லீங்க. மேல வரப்போற தண்ணிக்குக் காத்துட்டிருந்துச்சு. நாந்தான் தப்பாப் புரிஞ்சுட்டேன்.”

இதே தவளையைக் காட்டி இதே வாயால்தான் போன மாதம் இருபத்திரண்டு நாள் உழைப்பைக் குழியில் போட வைத்தாள். இன்னொரு தடவை நம்புங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? இனி மழை வராமல் போய் இந்தத் தண்ணீரும் வற்றினால், செடியும் போய், மிளகுப் பறிப்பும் போய், வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். கீழே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. சின்னையன் தண்ணீரையும் முட்டைகளையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குனிந்து, தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “கொடத்தை எடுத்தா” என்றான்.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நாள் ஒரு சொட்டு இல்லை. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெயிலில் சாமைக்காடு வெடிப்பு விட்டது. குழித் தண்ணீர் மட்டும் நின்றது. சின்னையன் மிதித்து இறுக்கிய களிமண் அடியில் பானைபோல் பிடித்துக்கொண்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் பதினோரு குடம். மேட்டிலிருந்து இறங்குவழியாகச் சுமப்பதால் பாதி வலி இல்லை. குழிக்குள் தலைப்பிரட்டைகள் கறுப்பாக மொய்த்தன. குடத்தில் வந்துவிடக்கூடாதென்று கண்ணாயி குடத்தின் வாயில் பழைய சேலைத்துணியைக் கட்டி மொண்டாள்.

முதல் வாரத்திலேயே சின்னையன் ஒரு மூங்கில் குச்சியைக் குழிக்குள் அடித்தான். முட்டிக்கால் உயரம். “இதுக்கு மேல இருக்கறது நம்முளுது. கீழ இருக்கறது அதுங்களுது. எடம் காட்டுனதுக்குப் பங்கு” என்றான். கண்ணாயி அவனை வினோதமாகப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

சித்திரைக் கடைசி வாரத்தில் தண்ணீர் குச்சிக்கு வந்துவிட்டது. மேல் இரண்டு வரிசைச் செடிகள் கருகத் தொடங்கின. ஒருநாள் காலை கண்ணாயி தனியாகப் போனாள். ஒரே ஒரு குடம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று குச்சிக்குக் கீழே மொண்டாள். துணியில் பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் மாட்டிக்கொண்டு துடித்தன. எல்லாவற்றுக்கும் பின்னங்கால் முளைத்திருந்தது. இன்னும் சில நாள் தண்ணீர் இருந்தால் கரையேறிவிடும். அவள் குடத்தை அப்படியே கவிழ்த்தாள். கரையில் உட்கார்ந்து, கருகுகிற செடிகளைப் பார்த்து அழுதாள். நிமிர்ந்தால் சின்னையன் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. வந்து, குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கீழே பள்ளத்து ஊற்றுக்கு இறங்கிப் போனான். ஒரு குடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. தெரசம்மாள் கேள்விப்பட்டு எஸ்டேட் குழாயிலிருந்து தினம் ஒரு குடம் சுமந்து வந்தாள். வெள்ளையம்மாளும் ஒருநாள் தன் முறைக் குடத்தை ஊற்றங்கரையில் சின்னையன் பக்கம் தள்ளி வைத்தாள். அன்று மட்டும் பேச்சு ஒன்றும் அமையவில்லை போலிருக்கிறது.

வைகாசி மூன்றாம் தேதி மழை பிடித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே குட்டித் தவளைகள் கரையேறி, புளியங்கொட்டை அளவில் காடெல்லாம் தத்தின. செடிகளில் நாற்பத்தொன்று போயிருந்தன. இருநூற்று எழுபத்தொன்பது நின்றன. அடுத்த தையில் மேஸ்திரியின் லாரி வந்தபோது சின்னையன் குழியை அகலப்படுத்திக் கரை கட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருடம் மார்கழியில் முதல் பழம் பறித்தார்கள். நாலு கூடைதான். தெரசம்மாளும் மரியஅந்தோணியும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கண்ணாயி கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்தாள். முதல் வாளி கேட்ட மரியஅந்தோணிக்கு முதல் தம்ளர். அவர்கள் குடித்துவிட்டு, லட்சுமிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். புருசனும் பெண்டாட்டியும் குட்டைக் கரையில் உட்கார்ந்தார்கள். லட்சுமி அப்பன் முதுகில் ஏறிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கண்ணாயி அன்றுதான் கேட்டாள். பாறை வந்த அன்று ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? அத்தனை கோபமா?

சின்னையன் காப்பியை ஊதினான். “கோவமில்ல கண்ணாயி. எனக்குப் பத்தடியிலயே தெரிஞ்சுபோச்சு, தண்ணி இல்லீன்னு. சரளை காஞ்சு கெடந்துச்சு.”

“அப்பறம் ஏனுங்க இன்னும் ஆறடி தோண்டுனீங்க?”

“பத்தடியில நிறுத்தியிருந்தா நீ சொன்னது தப்புன்னு ஆகியிருக்கும். பாறை வந்துட்டா, பழி பாறை மேல போயிருமில்ல? அதுக்குத்தான் தோண்டுனேன். அப்பவும் ஊரு உன்னையத்தான் சொல்லுச்சு. அந்த வருத்தம் எனக்கு. என்னன்னு பேசறது?”

அந்த ஆறடிக்குப் பத்து நாள் ஆகியிருந்தது. அவன் கையில் அன்று வந்த கொப்புளங்களுக்குக் கண்ணாயிதான் விளக்கெண்ணெய் தடவினாள். தன் தம்ளரில் மிஞ்சியிருந்த காப்பியை அவன் தம்ளரில் ஊற்றினாள்.

“தவளை தன் வாயால கெடும்பாங்க. என்னைய நீங்க வாயத் தொறக்காமயே வாழ வெச்சுட்டீங்க” என்றாள்.